அண்ணிக்குப் போட்ட இலை

எங்கள் தெருவில் செத்துப்போனவர்கள் எல்லாரும் நல்லவர்கள். ஆந்திர எல்லையில் இருக்கிற நகரிக்கு வந்து எங்கள் தெருமுனையில் நின்று பாருங்கள், கம்பத்துக்குக் கம்பம் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கும். எல்லாரும் அமைதியானவர்கள். எல்லாரும் அன்பின் உருவங்கள். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் போட்டறியாத நீலக் கோட்டு சூட்டையோ பட்டுப்புடவையையோ போட்டுக்கொண்டு, பின்னால் ஏதோ ஒரு அருவி விழ, சிரித்துக்கொண்டிருப்பார்கள். மேலே தெலுங்கு, கீழே தமிழ். இரண்டு மொழியிலும் ஒரே பொய்.

அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். பிறந்த வீடு நகரியில், பவர்லூம் ஓடுகிற தெருவில். கொஞ்ச காலமாக நான் பிறந்த தெருவுக்குப் போவதெல்லாம் சாவுக்குத்தான். பஸ் புத்தூரைத் தாண்டும்போதே அங்கே யார் என்ன பேசுவார்கள் என்று மனதுக்குள் ஓட ஆரம்பித்துவிடும். இறங்குவதற்குள் பாதிச் சண்டையை நானே போட்டு முடித்திருப்பேன். இவளுக்கு வாய் ஜாஸ்தி என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கெல்லாம் காது கம்மி.

முதலில் போனவர் தறி மெக்கானிக். எங்கள் தெருவில் எந்த வீட்டில் தறி நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வந்ததும் முதல் வேலையாகத் தறியின் அம்மாவைத் திட்டுவார், அப்புறம் தறியைச் செய்தவனின் அம்மாவை, கடைசியில் தறி வைத்திருக்கிறவனின் அம்மாவை. திட்டி முடிப்பதற்குள் தறி ஓட ஆரம்பித்திருக்கும். சீட்டாட்டத்தில் திருட்டு ஆட்டம் ஆடுவார், மாட்டிக்கொண்டால் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், செத்தபோது, பாடை கட்டுகிற மூங்கில் சரியில்லை என்று கடைக்காரனை அடிக்கப் போனவர் அவர். அவ்வளவு பிரியம். அந்த மனுஷனை ஃப்ளெக்ஸில் 'சாந்த சொரூபி' என்று போட்டிருந்தார்கள். கம்பத்துக்குக் கீழே நின்று நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். அவருக்கு நான் செய்த அஞ்சலி அதுதான்.

ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, அதில் மட்டும் பொய் கிடையாது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். காரியம் முடிந்த மறுநாள் கறிநாள். அன்றைக்குச் செத்தவர் போட்டோவுக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, அவருக்கு எதெல்லாம் பிடிக்குமோ அதையெல்லாம் வைத்துப் படைப்பார்கள். சைவம் அசைவம் என்ற பேச்சே கிடையாது. பிடித்தது எதுவோ அது இலைக்கு வந்தாக வேண்டும்.

மெக்கானிக்கின் இலையைப் பார்த்திருக்க வேண்டும். ஆட்டுக்கறி வறுவல், மிளகு தூவிப் பிளந்து வைத்த முட்டை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி வந்த பரோட்டா, ஒரு கட்டு பீடி. நடுவில் ஒரு குவார்ட்டர் பாட்டில், அவர் குடிக்கிற அதே பிராண்ட். அந்த பிராந்திதான் அவர் ஈரலைத் தின்றது. அந்த பிராந்திக்காகத்தான் அவர் பெண்டாட்டி பல ராத்திரி அடி வாங்கினாள். அவளே உட்கார்ந்து, கிளாசில் ஊற்றி, அவருக்கு எவ்வளவு தண்ணீர் பிடிக்குமோ அவ்வளவு தண்ணீர் கலந்து வைத்தாள். சுற்றி நின்ற ஆம்பிளைகள் தலையாட்டினார்கள், அளவு சரி என்று.

அடுத்ததாகப் போனவள் பக்கத்து வீட்டு அத்தை. சொந்தமில்லை, தெருவில் எல்லாரும் அத்தை என்று கூப்பிடுவோம். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் அவள் குரல் அடுத்த தெருவரை கேட்கும். என் அண்ணிக்கும் அவளுக்கும் குடம் வைக்கிற இடத்துக்காகச் சண்டை நடக்காத நாள் கிடையாது. ஒருத்தி குடத்தை இன்னொருத்தி உருட்டிவிடுவாள், ஒருத்தி பிறந்த ஊரை இன்னொருத்தி திட்டுவாள். ஆனால் தெருவில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால் ஆட்டோவைக் கூட்டி வருகிறவளும், ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிறவளும் அத்தைதான். அவளைப் போய் 'பொறுமையின் சிகரம்' என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பார்த்திருந்தால் ஃப்ளெக்ஸைக் கிழித்து அரிசி காயவைக்க எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

அவள் கறிநாளுக்கு நான் இருந்தேன். இலை போட்டார்கள். அவளுடைய பெரிய மகன் தன் நைனாவைப் பார்த்துக் கேட்டான்.

"அம்மாக்கு இன்னா புடிக்கும் நைனா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

"அவளுக்கு இன்னா, எல்லாருக்கும் போட்டுட்டு மீந்தத துன்னுவா. நீங்க எதாச்சும் வையிங்கடா."

வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னார். அப்படி ஒரு பெண்டாட்டி எனக்கு வாய்த்தாள் என்கிற பெருமை. கடைசியில் அந்த இலையில் தலைக்கறிக் குழம்பு வைத்தார்கள். அது அவருக்குப் பிடித்தது. மெக்கானிக்குக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெருவுக்கே தெரியும், அத்தைக்கு எந்தக் குழம்பு என்று கட்டியவனுக்கே தெரியாது. அன்றைக்குத் திருச்சானூர் திரும்புகிற பஸ்ஸில் எனக்கு வந்த கோபத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்றாவதாகப் போனது என் அண்ணி.

அண்ணி சத்தியவேட்டுப் பக்கத்துப் பெண். வேர்க்கடலை போடுகிற குடும்பம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தறி என்றால் என்னவென்றே தெரியாமல் வந்தவள், வந்த கொஞ்ச நாளில் தார் சுற்ற, அதாவது ஊடை நூலைத் தறிக்குச்சியில் சுற்ற, கற்றுக்கொண்டாள். அதற்கப்புறம் எப்போது போனாலும் தார் மெஷினுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள், காலுக்குப் பக்கத்தில் டிவி ஓடும். தெலுங்கு சீரியலில் வருகிற வில்லிகளை அவள் திட்டுகிற திட்டுக்காகவே நான் பக்கத்தில் போய் உட்கார்வேன். சில்லறை இல்லை என்று கண்டக்டர் சொன்னால், மீதியைக் கொடுக்கும்வரை பஸ்ஸிலிருந்து இறங்க மாட்டாள். வருஷத்துக்கு ஒருமுறை தாயாரைச் சேவிக்கத் திருச்சானூர் கோயிலுக்கு வருவாள். ஒரு ராத்திரிக்கு மேல் என் வீட்டில் தங்க மாட்டாள். விடிந்தால் அண்ணனுக்கு யார் காப்பி போடுவார்கள்?

அண்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை, கை ஓங்குவதில்லை, கடன் வைத்ததில்லை. தெருவில் அவனுக்கு மரியாதை அதிகம். ஒரு வயசுக்கு மேல் பக்தி முற்றிவிட்டது. சனிக்கிழமை தோறும் தெரு ஆம்பிளைகள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு நாராயணவனம் போவான். அவன் குளித்து, நாமம் போட்டு, கிளம்பிப் போய், கோயிலில் சேவித்து, மடத்தில் சாப்பிட்டுவிட்டு வர சாயங்காலம் ஆகிவிடும். அன்றைக்கு வீட்டில் எல்லாரும் விரதம். மற்ற நாளில் கறி சமைக்கலாம், மீன்கூடச் சமைக்கலாம், ஆனால் கருவாடு மட்டும் எந்த நாளும் வாசற்படி ஏறக் கூடாது. அந்த நாற்றம் பூஜை அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுமாம். இதை அவன் சட்டமாகப் போட்டபோது அண்ணி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கண்டக்டரிடம் சண்டை போடுகிறவள், அத்தையின் குடத்தை உருட்டுகிறவள், இவனிடம் மட்டும் பேசவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் தார் சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே மெஷின்மேல் சாய்ந்துவிட்டாள். புத்தூருக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சு என்றார்கள்.

சாவு வீட்டில் ஆளாளுக்குப் பேசினார்கள். எல்லார் வாயிலும் ஒரே பேச்சு, சனிக்கிழமை.

"இத்தினி வருசமா ஒரு சனிக்கெழம தவறல. அப்பிடி ஒரு விரதம்."

"புருசனுக்கு ஏத்த பொண்டாட்டி. பெருமாளே கதின்னு கெடந்தா."

எங்கள் பெரியப்பா மகன் ஒருத்தன் இருக்கிறான். எந்தச் சாவுக்குப் போனாலும் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துத் தருவது அவன் வேலை. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அம்மாம் விரதம் இருந்தவ இப்பிடி பொட்டுனு போறான்னா, இந்த ஊட்டுல யாரோ எதோ குத்தம் பண்ணிக்கினு கீறாங்க. சும்மா போவாது உசுரு."

சொல்லிவிட்டு மருமகளை ஒரு பார்வை பார்த்தான். மருமகள் என்றால் அண்ணியின் மகன் பெண்டாட்டி. பலமனேர்ப் பக்கத்துத் தெலுங்குப் பெண். கல்யாணமாகி வந்து சில வருஷம்தான் ஆகிறது. மகன் ஸ்ரீசிட்டியில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிறான், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். வெளியிலிருந்து வந்த பெண், வேறு பாஷை, புருஷன் பக்கத்தில் இல்லை. பழி போட இதைவிட வசதியான ஆள் கிடைக்குமா? அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பெரியப்பா மகனைப் பார்த்து, "உங்கம்மா செத்ததுக்கு யார் பண்ண குத்தம்?" என்று கேட்டேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அண்ணன் என்னை முறைத்தான்.

ஃப்ளெக்ஸில் அண்ணியின் முகத்தைச் சிவப்புப் பட்டுப்புடவை கட்டிய யாருடைய உடம்பிலோ ஒட்டியிருந்தார்கள். அவள் வாழ்நாளில் சிவப்புக் கட்டினதில்லை. கீழே 'விரதச் செல்வி' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை, தெரிந்திருந்தால் வீடு தேடிப் போயிருப்பேன்.

கறிநாள் அன்று காலையில் அண்ணன் கூடத்தில் நின்றுகொண்டு படையலுக்கு என்னென்ன வேண்டும் என்று சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். வந்தவர்களுக்கு ஆட்டுக்கறிக் குழம்பு, கோழி வறுவல், ரசம். அண்ணியின் இலைக்கு சர்க்கரைப் பொங்கல், உளுந்து வடை, தயிர்சாதம், அப்பளம், வாழைப்பழம். வாசலில் அண்டாவில் கறி கொதிக்கிறது, யாருக்காக இலை போடுகிறோமோ அவளுக்குப் பொங்கல். எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணிக்கு இனிப்பே ஆகாது. காப்பிக்குகூட சர்க்கர போடமாட்டா. பொங்கல் யார் கேட்டாங்க?"

"பெருமாளுக்கு ஒகந்தது. அவளுக்கும் அதான்."

"பெருமாளுக்கா காரியம் பண்ற? அண்ணிக்குத்தான பண்ற?"

"ந்தா பாரு, வந்ததும் ஆரம்பிக்காத. விரதம் இருந்தவ எலையில கறி வெச்சா ஊர் இன்னா சொல்லும்?"

"ஊர் துன்றதுக்கு கறி வெக்கிற. அவளுக்கு வெக்க மாட்டியா?"

அவன் என்னைப் பார்த்துத் திரும்பினான்.

"சரி. நீயே சொல்லு. அவளுக்கு இன்னா புடிக்கும்?"

அவள் என் வீட்டுக்கு வந்தால், நான் போடுவதைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்பாள். அவ்வளவுதான் எனக்கும் தெரியும். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அண்ணன் ஜெயித்துவிட்ட மாதிரி சமையல்காரர் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் கொல்லைப்பக்கம் போனேன். போகாமல் கூடத்திலேயே நின்றிருந்தால் எதையாவது போட்டு உடைத்திருப்பேன்.

மருமகள் கல்லில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் நடந்த பேச்சு அவளுக்குக் கேட்டிருக்கிறது. நான் நின்று மூச்சு வாங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அத்தம்மாக்கு கருவாடுன்னா பிராணம்."

அத்தம்மா என்றால் அவள் மாமியார், என் அண்ணி. எனக்கு முதலில் புரியவில்லை. கருவாடா? இந்த வீட்டிலா?

"ஊட்டுல இல்ல. ஷெட்டுல. சனிவாரம் சனிவாரம்."

சனிக்கிழமை தறி ஓடாது. ஆம்பிளைகள் நாராயணவனம் கிளம்பிப் போனதும், பவர்லூம் ஷெட்டின் பின்பக்கம், தெருப் பெண்கள் நாலைந்து பேர் கூடுவார்களாம். பழவேற்காட்டுக் கருவாட்டைச் சத்தியவேட்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஒரு கூடைக்காரி வருவாள். மற்ற நாளில் ஊரெல்லாம் விற்பாள், சனிக்கிழமை மட்டும் நேராக எங்கள் ஷெட்டுக்கு வருவாளாம். ஒரு வீட்டிலிருந்து கேழ்வரகுக் களி, ஒரு வீட்டிலிருந்து வெங்காயம், ஒரு வீட்டிலிருந்து பழைய தகர அடுப்பு. சுட்ட கருவாட்டைச் சட்டியில் போட்டு மிளகாயும் வெங்காயமும் சேர்த்து நசுக்குவது அண்ணியின் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டாளாம்.

"வாசன? தெருவுக்கே தெரியுமே?"

மருமகள் சிரித்துவிட்டாள். சாவு வீட்டில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

"காலவா கீது இல்ல?"

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய் போகிறது. சாயப்பட்டறைகளிலிருந்து வருகிற தண்ணீர், ஒருநாள் ஊதா, ஒருநாள் பச்சை. அந்த நாற்றத்தில் வேறு எந்த நாற்றமும் தெரியாது. தெரு ஆம்பிளைகள் எல்லாரும் அந்தக் கால்வாயை மூடச் சொல்லி மனு மேல் மனு போட்டார்கள். பெண்கள் ஒருத்தியும் கையெழுத்துப் போட முன்வரவில்லை என்று அண்ணனே ஒருதடவை என்னிடம் குறைப்பட்டிருக்கிறான். பொம்பளைகளுக்குப் பொது விஷயத்தில் அக்கறையே கிடையாது என்று சொன்னான்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி யார் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்து வீட்டு அத்தை. காலையில் குழாயடியில் அண்ணியின் குடத்தை உருட்டிவிட்டவள், மத்தியானம் அவளோடு ஒரே சட்டியில் கை வைத்துத் தின்றிருக்கிறாள். குழாயடிச் சண்டை நடிப்பும் இல்லையாம், அது நிஜம், இதுவும் நிஜம். மீந்தத துன்னுவா என்று புருஷன் சொன்னானே, அந்த மனுஷி சனிக்கிழமை தோறும் சட்டியின் முதல் பங்கை எடுத்துக்கொள்வாளாம், வயசில் பெரியவள் என்று. அவள் செத்த அடுத்த சனிக்கிழமை யாரும் சமைக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை அண்ணி அவளுக்கு ஒரு பங்கு எடுத்துக் கால்வாய் ஓரத்தில் ஒரு இலையில் வைத்திருக்கிறாள். தெருவில் அத்தைக்கு நடந்த நிஜமான படையல் அதுதான்.

கேட்கக் கேட்க எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்படியே எழுந்தேன், கூடத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று. மருமகள் ஈரக் கையோடு என் புடவையைப் பிடித்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"செப்பொத்து அத்தா, உங்களுக்குக் கும்பிடறேன், செப்பொத்து. நானும் கூட குந்திக்கினு துன்னேன். அந்த மாமா அன்னிக்கு இன்னா சொன்னாரு? குத்தம் குத்தம்னு. தெரிஞ்சா என்னாலதான் அத்தம்மா போயிட்டாங்கன்னு சொல்வாங்க. இவரும் நம்பிருவாரு."

செப்பொத்து என்றால் சொல்லாதீங்க. அத்தா என்றது என்னை, இவர் என்றது அவள் புருஷனை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அப்படித்தான் சொல்வார்கள். விரதத்தைக் கெடுத்தவள் என்று பேர் வைத்து, சாகிறவரை அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அண்ணிக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும். இந்தப் பெண்ணின் பெயர் வெளியே வரக் கூடாது. வாயை வைத்தே பிழைத்தவள் நான், அந்த வாயை மூடிக்கொண்டு இதைச் செய்தாக வேண்டும்.

"இப்போ கருவாடு எங்க கிடைக்கும்?" என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் கூட்டிப் போனாள். தார்க்குச்சிகள் போடுகிற மரப்பெட்டியின் அடியில், பழைய தெலுங்குப் பேப்பரில் சுற்றி, ஒரு பொட்டலம். வாளைக் கருவாடு. போவதற்கு முந்தின சனிக்கிழமை அண்ணி கூடுதலாக வாங்கி, அடுத்த வாரத்துக்கு என்று எடுத்து வைத்தது. அந்த அடுத்த வாரம் அவளுக்கு வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது.

மருமகளைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி பந்தி வேலையைப் பார் என்று சொன்னேன். தகர அடுப்பைப் பற்றவைத்து நானே சுட்டேன். எனக்குப் பழக்கமில்லை, ஓரம் கருகிவிட்டது. மிளகாயும் வெங்காயமும் வைத்து நசுக்கினேன். கால்வாய் அன்றைக்குச் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது, மூக்கைத் துளைக்கிற நாற்றம். சுட்டுக்கொண்டே யார் யாரையோ திட்டினேன். ஒரு பிடி கருவாட்டுக்கு இவ்வளவு ஒளிவு மறைவா? இவள் யார் வீட்டுச் சொத்தைத் திருடினாள்? இவள் சுற்றிய தாரில் ஓடிய தறி, அந்தத் தறியில் கட்டிய வீடு, அந்த வீட்டு வாசற்படியை இவளுக்குப் பிடித்தது ஏறக் கூடாது. குடித்துச் செத்தவனுக்குப் பாட்டிலை இலைக்கு நடுவில் வைக்கிற தெரு இது.

ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். படையல் போட்டாகிவிட்டது. அண்ணனைத் தவிர அப்போது அங்கே யாரும் இல்லை, மற்றவர்கள் வாசலில் பந்தல் நிழலில் இருந்தார்கள். நான் குனிந்து, பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் நடுவில் கருவாட்டை வைத்தேன். தாராளமாகவே வைத்தேன்.

அண்ணன் இலையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இன்னா இது?"

"நான்தான் வாங்கியாந்தேன். திருச்சானூர் வந்தா அண்ணி என் ஊட்டுல துன்னுவா. அவளுக்குப் புடிக்கும். எடுத்த, அப்புறம் நான் இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவன் கத்துவான், நான் அதைவிட அதிகமாகக் கத்துவேன், ஊர் கூடும், பழி என்மேல் விழும், அந்தப் பெண் தப்பித்துக்கொள்வாள். அவன் கத்தவில்லை. வாசல் பக்கம் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னான்.

"பொய் சொல்லாத. உன் ஊட்டுல இல்ல. ஷெட்டுல துன்னுவாங்க. எனக்குத் தெரியும்."

எனக்குத் தலையில் யாரோ தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரொம்ப வருசமா. சனிக்கெழம ராத்திரி சோறு போட்றப்ப அவ கையில புளி வாசன வரும். கருவாட்டு வாசன போவறதுக்கு புளி போட்டு தேய்ப்பாங்க, நம்ம அம்மாவும் அப்பிடித்தான் தேய்க்கும். நான் கேட்டுக்கல. கேட்டா நிறுத்திடுவா. துன்னுட்டுப் போறா பாவம்னு தெரியாதமாரி இருந்துட்டேன்."

பாவம் என்றான். அவன் முகத்தில் நிஜமாகவே துக்கம் இருந்தது. அதைத் தயவு என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். பெண்டாட்டிக்குச் செய்த பெரிய தயவு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாத தயவு.

இதுவரை எனக்கு வந்ததெல்லாம் கோபமே இல்லை. தெரியாதவன் மேல் வருவது எரிச்சல். இவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கையில் புளி வாசனை வரும்போதெல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை, இந்தா, வீட்டிலேயே உட்கார்ந்து துன்னு என்று ஒரு வார்த்தை, அது அவன் வாயிலிருந்து வரவில்லை. பூஜை அறைச் சுவர் அவனுக்கு முக்கியம். நாராயணவனத்துக்குக் கூட வருகிறவர்கள் முக்கியம். அவள் சாயத்தண்ணீர் நாற்றத்தில் ஒளிந்து உட்கார்ந்து தின்று, கை தேய்த்துக் கழுவி, அந்தக் கையால் இவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். இவன் முகர்ந்து பார்த்துவிட்டு, பெரிய மனசு பண்ணி, சும்மா இருந்திருக்கிறான்.

"தெரிஞ்சும் பொங்கல் வெச்சியா?" என்று கேட்டேன்.

"ஊருக்கு முன்னாடி எப்பிடி வெக்கிறது? விரதம் விரதம்னு எல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க. அவ பேருதான கெட்டுப்போவும்?"

"அவ பேரா, உன் பேரா?"

வாசலில் பேச்சுச் சத்தம் நெருங்கியது. பெரியப்பா மகன் முன்னால் வர, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அண்ணியின் மகன் கற்பூரத் தட்டோடு வந்தான். மருமகள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் சட்டென்று குனிந்தான். கருவாட்டை எடுத்துவிடப் போகிறான் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. இலை ஓரத்தில் இருந்த பெரிய அப்பளத்தை எடுத்து, கருவாட்டின் மேல் கவிழ்த்து வைத்தான். ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தது. ஒரு கை பொங்கலை அள்ளி அந்த இடத்தையும் மூடினான். பிறகு நிமிர்ந்து, வாசனை தெரியாமலிருக்கத் தூபக்காலில் ஒரு கை சாம்பிராணியைப் போட்டுவிட்டு, மகனைப் பார்த்துக் கற்பூரத்தை ஏற்றச் சொன்னான்.

எல்லாரும் கும்பிட்டார்கள். எத்தனை சனிக்கிழமை, எப்படிப்பட்ட விரதம் என்று யாரோ மறுபடியும் ஆரம்பித்தார்கள். கதவுக்குப் பின்னால் நிற்கிற பெண்ணைப் பார்த்துக்கொண்டே நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டேன். செத்த பிறகும் என் அண்ணி அதை ஒளித்து வைத்துத்தான் தின்ன வேண்டியிருந்தது.